பங்காளிகளைப் படித்த செங்கமலம் அம்மையார்

“மனுசன் கொரங்குலேர்ந்து வந்தான்னா, இப்ப கீற கொரங்குங்க ஏன் மிஸ் இன்னும் மனுசனா மாறல?”

உத்திரமேரூரில் நான் அறிவியல் ஆசிரியராக இருந்த பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி டாக்டர் செங்கமலம் அம்மையாரிடம் கேட்ட கேள்வி இது. சென்ற வியாழக்கிழமை காலை அவருடைய தங்கை மகள் போனில் அழைத்து, “பெரியம்மா தூக்கத்துலயே பூட்டாங்க சார்” என்றபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த வகுப்பறைதான்.

அம்மையாரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் மாகறலில் பயிர்செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் மானிடவியல் படித்தார். மனிதன் எப்படி மனிதனானான் என்று தெரிந்துகொள்ளப் பழைய எலும்புகள் மட்டும் போதாது, உயிரோடு இருக்கும் உறவுகளையும் பார்க்க வேண்டும் என்று அஸ்ஸாம் காடுகளுக்குப் போனார். நம் நாட்டில் கிப்பன் என்னும் வாலில்லாக் குரங்கு வாழ்வது அந்தப் பக்கத்தில்தான். வாழ்நாளின் பெரும்பகுதியை அவற்றின் மரங்களுக்குக் கீழே, அட்டைக்கடியோடு, அண்ணாந்து பார்த்தபடி கழித்தார்.

விடுமுறையில் ஊருக்கு வந்தால் உறவுக்காரர்கள் விடமாட்டார்களாம். “ஒரு கல்யாணங்காட்சி பண்ணிக்காம கொரங்கு பின்னாடி சுத்திக்கினு கீறியே” என்பார்களாம். “அதுங்க குடும்பம் நடத்துற அழகத்தான் பாத்துக்கினு கீறேன். நம்மள வுட ஒத்துமையா கீதுங்க” என்பாராம் இவர்.

வேலையில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. உடன் வரும் மாணவர்கள், “அது கோபமாக இருக்கிறது” என்று சொன்னால் ஏற்கமாட்டார். “கோபம் உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததா? வாய் எப்படி இருந்தது, கை எங்கே இருந்தது, எதிரில் யார் நின்றது, அதைச் சொல்லுங்கள்” என்பார். நாற்பது ஆண்டு பாடம் நடத்திய எனக்கு, கற்பித்தலைப் பற்றி யாரும் இதைவிடப் பயனுள்ள வார்த்தை சொன்னதில்லை.

ஓய்வு பெற்று மாகறலுக்கே வந்து சேர்ந்தார். பெயருக்கு முன்னால் டாக்டர் இருந்ததால், ஒரு பெண்மணி முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டு வந்துவிட்டார். “நான் கொரங்க படிச்ச டாக்டரும்மா” என்றார் இவர். “பரவால்ல, எனக்கும் ஏதாவது சொல்லேன்” என்றாராம் அந்த அம்மாள். மனிதன் இரண்டு காலில் எழுந்து நின்றதையும், நாலு கால் சுமந்த பாரத்தை இரண்டு கால் சுமப்பதையும் பொறுமையாகச் சொல்லி, பிறகு பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போனார்.

அந்த நாட்களில்தான் அவரைப் பள்ளிக்கு அழைத்தேன். மாணவியின் கேள்விக்கு அவர் கேள்வியாலேயே பதில் சொன்னார்.

“உனக்குப் பெரியப்பா பசங்க கீறாங்களா?”

“கீறாங்க மிஸ்.”

“நீ அவங்களுக்கா பொறந்த?”

வகுப்பு சிரித்தது.

“அவங்க எப்போ நீயா மாறுவாங்க? மாறமாட்டாங்க இல்ல? ரெண்டு பேருக்கும் தாத்தா ஒருத்தரு. அவரு இப்ப இல்ல. கொரங்கு நமக்குத் தாத்தா இல்லம்மா, பங்காளி.”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “பங்காளின்னா நெலத்துல பங்கு கேக்குமா மிஸ்?”

“கேட்டுக்கினுதான் கீது. காவாந்தண்டலம் போய்ப் பாரு” என்றார்.

அது வெறும் நகைச்சுவை இல்லை. காவாந்தண்டலத்தில் ஏகாம்பரம் என்பவரின் வேர்க்கடலைக் கொல்லையைக் குரங்குக் கூட்டம் ஒன்று தொடர்ந்து பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தது. அவர் மனைவி சரோஜாவின் கையையும் ஒரு குரங்கு கடித்துவிட்டது. வாழைப்பழத்தில் விஷம் வைப்பதென்று ஏகாம்பரம் முடிவு செய்திருந்தார். மருந்து வாங்கி பம்ப்செட் அறையில் வைத்தும் விட்டார். இதைக் கேள்விப்பட்டு அம்மையார் கிளம்பினார். நானும் உடன் போனேன்.

“பயிர் போனாக் கூடத் தாங்கிப்பேன் டாக்டரம்மா. தொரத்தப் போனா என்னப் பாத்து இளிக்கிது. அதத்தான் தாங்க முடில” என்றார் ஏகாம்பரம்.

அம்மையார் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். தினமும் வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்: “அது இளிக்கல. பயந்துக்கினு கீது.”

“பயந்தா பல்லக் காட்டுமா? எந்த ஊர்ல?”

“இந்த ஊர்லதான். பம்ப்செட்டுக்குக் கரண்டு லைன் எப்டி வாங்கினீங்க?”

“அத்த ஏன் கேக்குறீங்க. ஆபீசு ஆபீசாப் போயிப் பல்லக் காட்டிக்கினு நின்னேன்.”

“சிரிச்சுக்கினா நின்னீங்க?”

ஏகாம்பரம் அசடு வழியப் பல்லைக் காட்டினார். “இப்பக்கூட அப்டித்தான் நிக்கிறாரு” என்றார் கையில் கட்டோடு சரோஜா.

பகைக்க வரவில்லை, விட்டுவிடு என்று கெஞ்சும் அந்த முகம்தான் நம்மிடம் புன்னகையாக வளர்ந்திருக்கலாம் என்று அம்மையார் விளக்கினார். ‘இருக்கலாம்’ என்பதை அழுத்திச் சொன்னார். அது அவர் வழக்கம். பிறகு வரப்பில் தாம் பார்த்ததைச் சொன்னார். கொல்லையின் ஒரு பக்கம் பம்ப்செட், எதிர்ப்பக்கம் புளியமரங்கள். குரங்குகள் அங்கிருந்துதான் இறங்குகின்றன. மரத்தை விட்டு வெகுதூரம் வருவதில்லை. ஏகாம்பரமும் அந்தப் பக்கமாகவே கல்லோடு ஓடிவருகிறார். தப்பிக்கும் வழி அடைபட்ட குரங்கு பல்லைக் காட்டுகிறது. கேலி என்று நினைத்து இவர் இன்னும் கிட்டே போகிறார். வேறு வழியில்லாமல் அது பாய்கிறது.

“பம்ப்செட் பக்கமா வந்து தொரத்துங்க, மரத்துக்கு ஓடிடும். மரத்தோரமா அடுத்த போகம் மொளகா போடுங்க, அத்த அதுங்க தொடாது.”

ஏகாம்பரம் அரைமனதாகத்தான் தலையாட்டினார். மருந்தைத் தூக்கி எறியச் சொல்லி அம்மையார் வற்புறுத்தவில்லை. “அறுப்பு வரைக்கும் தொடாம இருங்க” என்று மட்டும் கேட்டார். சேதம் நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். பாதிக்கு மேல் குறைந்தது. அதன்பின் யாரும் கடிபடவில்லை. அறுப்பு முடிந்ததும் அந்த மருந்தை ஏகாம்பரம் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார். பக்கத்துக் கொல்லைக்காரர்களும் இப்போது ஓரத்தில் மிளகாய் போடுகிறார்கள்.

சென்ற வெள்ளிக்கிழமை செய்யாற்றங்கரையில் அம்மையாரை அனுப்பிவைத்தோம். ஏகாம்பரம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். நான் அருகில் போனதும், “இந்த வருசம் அந்தக் கூட்டத்துல நெறைய குட்டி பொறந்துகீது சார். தாய் வயித்துல ஒட்டிக்கினு போவுதுங்க. டாக்டரம்மாவக் கூட்டினு போய்க் காட்டணும்னு இருந்தேன்” என்றார்.

போய் வாருங்கள், அம்மா. பார்க்கும் வேலையை நாங்கள் தொடர்கிறோம்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. அடுத்த முறை ஒரு குரங்கு உங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டினால் கல்லை எடுக்காதீர்கள்; அருகில் எந்தப் பக்கம் மரம் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தை விட்டு மெல்ல விலகி நில்லுங்கள்.