ஏன் டீச்சர் சொன்ன விடை

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் டீச்சருக்கு வைத்த பட்டப்பெயர் 'ஏன் டீச்சர்'. விடையை வாயால் சொல்லவே மாட்டாள். டம்ளரைக் கவிழ்த்ததும் மெழுகுவத்தி ஏன் அணைந்தது என்று கேட்டால், "நீயே சொல்லு. ஏன் அப்படி நினைக்கிறே?" என்பாள். சரி, தப்பு இரண்டும் அவள் வாயில் வராது. தலைமையாசிரியருக்கு எரிச்சலோ எரிச்சல். "பாடத்தை முடிங்கம்மா, விளையாட்டுக் காட்டாதீங்க" என்பார். இவள் காதில் போட்டுக்கொண்டால்தானே. "ஒண்ணை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, பக்கத்துல வச்சுப் பார்க்க இன்னொண்ணு வேணும்" என்று பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்வாள். அந்த வகுப்பிலேயே அவள் மகளும் படித்தாள்.

வீட்டில் கதையே வேறு. கணவர் தையல்காரர். அவர் வயிற்றில் புற்றுநோய் முற்றிவிட்டது, டாக்டர் கையை விரித்துவிட்டார். பரீட்சை முடியும்வரை மகளிடம் மூச்சு விடக்கூடாது என்று இருவரும் பேசிவைத்தார்கள். "வயித்துப் புண்ணும்மா, ஆறிடும்" என்று அவர் சிரித்தே சமாளித்தார். உடம்பு இளைக்க இளைக்க, அம்மாவும் பெண்ணும் பள்ளிக்குப் போன நேரத்தில் தன் சட்டைகளைப் பிரித்து, பிடித்துத் தைத்துக்கொண்டார். சட்டை எப்போதும் அளவாகவே இருந்தது. அந்தக் கைவேலையை வைத்து ஊரையே ஏமாற்றலாம். இப்படி ஒருத்தியிடம் படிக்கிற பெண்ணை ஏமாற்ற முடியுமா, பாவி மனுஷா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் இரண்டு சட்டைகளோடு வந்து நின்றாள். ஒன்று அப்பா நேற்றுப் போட்டது. மற்றது பெட்டியின் அடியில் கிடந்து, அவர் பிரித்துத் தைக்க மறந்துவிட்ட பழையது.

"அம்மா, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். நேத்துப் போட்ட இதுல ஓரமா பழைய ஊசி ஓட்டை வரிசை வரிசையா இருக்கு. மறுபடி மறுபடி பிடிச்சிருக்காரு. போட்டுப் பார்த்தா எனக்கே சரியா இருக்கு."

"அதனால?"

"ஆறுற புண்ணுக்கு ஏம்மா இப்படி இளைக்கணும்? அதை ஏன் மறைக்கணும்? அப்பா பொழைக்க மாட்டாரு, அப்படித்தானே?"

டீச்சர், தப்பு என்று ஒரே ஒரு தடவை பொய் சொல்லிவிடத் துடித்தாள். பழக்கம் முந்திக்கொண்டது.

"ஒரு தடவை பார்த்தா போதுமா? மறுபடியும் பாரு" என்றாள், குரல் உடைந்து.

"தினமும் பார்க்கிறேம்மா. இந்த ஒரு தடவை நீயே விடையைச் சொல்லிடு. தப்புன்னு சொல்லும்மா."

டீச்சர் மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"சரிதான் கண்ணு" என்றாள்.

ஒரு பிள்ளைக்கு அவள் விடை சொன்னது அதுதான் முதல் தடவை.