பெரியப்பாவின் ஏழு குட்டிகள்

இரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்கள். யூஜினா ஜன்னலோரப் பலகையில் உட்கார்ந்து, வலது காலின் பெருவிரலில் கயிற்றுச் சுருக்கை மாட்டிக்கொள்கிறார். கயிற்றின் மறுமுனை நடுத் தொட்டிலில் கட்டியிருக்கிறது. ஒன்பது சேலைத் தொட்டில்களும் ஒரே இரும்புக் குழாயில் தொங்குவதால், நடுத் தொட்டில் ஆடினால் பக்கத்தில் உள்ளவையும் கொஞ்சம் ஆடும். கீழே பாயில் இன்னும் ஐந்து பேர், ஒருவர் வயிற்றில் மற்றவர் காலைப் போட்டுக்கொண்டு கிடக்கிறார்கள். கால் தன் வேலையைத் தொடங்கியதும் கைகள் இரண்டும் போனுக்குப் போகின்றன.

கொட்டகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பரா அது. வாசற்பலகையில் அதற்கு நீளமான பெயர் ஒன்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது. அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விடியற்காலையில் பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டு மலை ஏறுவார்கள். பகல் கொழுந்தைத் தராசில் நிறுத்ததும் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி ஏறுவார்கள். அவர்கள் போன பிறகு பதினான்கு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தூங்கும் நேரம் ஒன்று உண்டு. அது இருபது நிமிடமும் இருக்கலாம், நாற்பது நிமிடமும் இருக்கலாம். யூஜினா விளையாடுவது அந்த நேரத்தில் மட்டும்தான். ஒரு பிள்ளை முழித்துவிட்டால் போன் கவிழ்த்து வைக்கப்படும். விளையாட்டில் எவன் எவனைக் கொன்றாலும் சரி.

அவருக்கு வயது முப்பத்தாறு. பன்னிரண்டு வருடமாக இங்கே ஆயா. கணவர் கொழும்பில் ஒரு ஹோட்டலில் கொத்துரொட்டி போடுகிறார். மகள் ஜெனிதாவின் பாடங்களுக்காக, பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த காலத்தில் வாங்கிய போன் இது. விளையாட்டை இறக்கியது ஜெனிதாதான். அவளுக்கு ஒரு வாரத்தில் சலித்துவிட்டது. அம்மாவுக்குச் சலிக்கவில்லை. "எங்கம்மா போன்ல சண்ட போடுறத வெளிய சொல்லிறாதீங்க" என்று தோழிகளிடம் ஜெனிதா சொல்லிவைத்திருக்கிறாள். அதனால் எல்லோருக்கும் தெரியும்.

விளையாட்டு எளிமையாகத்தான் தொடங்கும். வாள்காரன், வில்லுக்காரி, நெருப்பு எறியும் கிழவர், காயம் ஆற்றும் வெள்ளை உடுப்புக்காரி என்று நாலு பேர் ஒரு நாட்டைச் சுற்றி வருகிறார்கள். எதிரி வந்தால், அவரவர் முறை வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும். கதையை யூஜினா இரண்டு தடவை முடித்துவிட்டார். ஆனால் ஒரு பழைய சுரங்கத்தின் அடியில் கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பார்க்காமலே நாட்டைக் காப்பாற்றலாம், ராசாவிடம் பரிசும் வாங்கலாம். அவனுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கதவு இருக்கிறது. அவனை வென்றால்தான் அது திறக்கும்.

அவனுடைய ஆங்கிலப் பெயர் யூஜினாவின் வாயில் நுழையவில்லை. பெரியப்பா என்று வைத்துவிட்டார். "வயிறும் மீசையும் அப்பிடியே எங்க வட்டவள ஊருப் பெரியப்பா. எந்திரிக்கவே மாட்டாரு. உக்காந்த எடத்துல இருந்து ஊரையே ஏவுவாரு."

பெரியப்பாவைச் சுற்றி ஏழு குட்டிகள் வரிசையாகத் தூங்குகின்றன. ஒரு குட்டி முழித்தால் பெரியப்பாவுக்கு ஓர் அடி கூடும். ஏழும் முழித்தால், நம் நாலு அடிக்கு அவர் எட்டு அடி கொடுப்பார். குட்டியை வெட்டினால் அந்த இடத்தில் இரண்டு முளைக்கும். ஒன்று கத்தினால் பக்கத்துக் குட்டியும் எழும்பிவிடும்.

ஐந்து மாதமாகச் சண்டை நடக்கிறது. தோற்ற நாட்களை யூஜினா பிள்ளைகளை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார். முதல் தோல்வி, சுலக்ஷனாவின் மகள் கவிஷ்கா கவிழ்ந்து படுத்த வாரம். பெரியப்பா பாதி உயிருக்கு வந்து தப்பியது, மேல் லயத்து வீட்டு இரட்டைப் பிள்ளைகளுக்கு அம்மை கண்டிருந்தபோது. ஒருநாள் பால் கொடுக்க வந்த சுலக்ஷனா கேட்டாள்:

"என்னாக்கா, மொகம் வாடிக் கெடக்கு?"

"பெரியப்பா மறுபடியும் அடிச்சுப் போட்டுட்டாருடி."

"அவரு செத்து ரெண்டு வருசமாச்சே."

"அவரு இல்ல, இவரு" என்று யூஜினா போனைக் காட்டினார். சுலக்ஷனா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மனுசன் நல்லாத்தான் சாப்பிடுறாரு போல" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை மற்றப் பக்கத்துக்கு மாற்றினாள்.

சண்டைக்கு ஆலோசனை சொல்வது ஜூட்சன். கொட்டகலை டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறார். மாலையில் லயத்துக்குத் திரும்பும்போது மோட்டார் சைக்கிளைப் பிள்ளைக்காம்பரா ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுவார். அவரும் பெரியப்பாவை வென்றதில்லை. ஆனாலும் வழி தெரியும் என்பார். முதலில் நெருப்பு என்றார். குட்டிகள் எழும்புவதற்குள் இருக்கிற நெருப்பு முழுவதையும் கொட்டித் தீர்க்க வேண்டுமாம். யூஜினா கொட்டிப் பார்த்தார். நெருப்புச் சத்தத்திலேயே ஏழும் எழும்பின. அடுத்து, பலம் போதாது என்றார். இரண்டு மாதம் காட்டில் ஓநாய் அடித்து நாலு பேரையும் உச்ச பலத்துக்குக் கொண்டுவந்தார் யூஜினா. பெரியப்பா ஏழு நிமிடத்தில் படுக்கவைத்த நாலு பேரை இப்போது பத்து நிமிடத்தில் படுக்கவைத்தார்.

ஒருநாள் யூஜினா ஆடுவதை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தபோதுதான் ஜூட்சனுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. வாள்காரன் விழுந்தவுடன் யூஜினாவின் விரல் எழுப்பும் மந்திரத்துக்குப் போய்விடுகிறது. எழுப்பியவன் மறு அடியில் மறுபடி விழுகிறான். மறுபடி எழுப்புகிறார்.

"அவன விடுங்கக்கா. அவன எழுப்பி எழுப்பித்தான் ஒங்க முறையெல்லாம் போகுது."

"விழுந்து கெடக்கான்டா."

"கெடக்கட்டும். அழவா போறான்?"

"விழுந்தவன எடுக்காம எப்புடி இருக்கிறது? கை அதுபாட்டுக்குப் போகுது."

ஜூட்சன் ஹெல்மெட்டுக்குள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மாதத் தொடக்கத்தில் விளையாட்டைத் திறந்ததும் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. யூஜினா அதை வாழ்த்து என்று நினைத்து மூடிவிட்டார். தினமும் வரவே ஜூட்சனிடம் காட்டினார். அவர் அதை இரண்டு தடவை வாசித்தார்.

"மூடுறாங்களாம்க்கா. முப்பதாந் தேதியோட. கம்பெனிக்கு ஆள் சேரலயாம். அதுக்கப்புறம் தொறந்தாலும் தொறக்காது."

"பூராவுமா?"

"பூராவும்."

யூஜினா நாட்காட்டியைப் பார்த்தார். முப்பது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று பிள்ளைக்காம்பரா பூட்டு. சிக்னல் இல்லாமல் விளையாட்டு ஓடாது, லயத்தில் சிக்னல் கிடையாது. சிக்னல் கிடைக்கும் இன்னோர் இடமான தண்ணீர்த் தாங்கிப் பாறை, அன்றைக்கு ஸ்பீக்கரோடு வரும் இளவட்டங்களுக்குச் சொந்தம். ஆகவே சனிக்கிழமைதான் கடைசி.

"போனக் கொண்டாங்க, நான் கடையில வச்சு நாலு நாள் முட்டிப் பாக்கிறேன்" என்றார் ஜூட்சன்.

"வேணாம். கதவுக்கு அங்கிட்டு என்னா இருக்குன்னு நான்தான் பாக்கணும்."

"என்னா இருக்கப் போகுது? ஒரு பொட்டி இருக்கும். பொட்டிக்குள்ள ஒரு வாள் இருக்கும். அதுவும் முப்பதாந் தேதியோட போயிரும்."

"இருக்கட்டும். பாத்துட்டு மூடிக்கிறேன்."

வழி கிடைத்தது புதன்கிழமை. யாரும் தேடிக் கிடைத்ததல்ல. மழைக்கு ஒதுங்கி உள்ளே நின்ற ஜூட்சன், தாய்மார் வரத் தாமதமானதால் பிள்ளைகள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்த தொட்டில்களைப் பார்த்துச் சும்மா கேட்டார்:

"எங்க வீட்டுல ஒண்ணத் தூங்க வைக்கவே ரெண்டு பேரு வேணும். நீங்க எப்புடிக்கா பதினால தூங்க வைக்கிறீங்க?"

"முழிச்ச புள்ளையத் தூங்க வைக்க முடியாதுடா. தூங்குற புள்ளையத்தான் தூங்க வைக்கணும். அந்தா, மூணாவது தொட்டிலு, இப்ப ஒரு பெருமூச்சு விட்டுச்சு பாரு. இன்னும் ரெண்டு நிமிசத்துல சிணுங்கும். அதுக்கு முன்னால போயித் தட்டிட்டா இன்னும் அர மணித்தியாலம். சிணுங்கிருச்சுன்னா பக்கத்துல உள்ளதும் சேந்து…"

யூஜினா பாதியில் நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார். தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

வெள்ளை உடுப்புக்காரியிடம் தொடக்கத்திலிருந்தே ஒரு தூக்க மந்திரம் உண்டு. யாரும் அதைத் தொடுவதில்லை. முழித்த குட்டியின் மேல் போட்டால் நாலு தடவைக்கு ஒரு தடவைதான் பிடிக்கும். தூங்கும் குட்டியின் மேல் போட்டுப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. ஜூட்சனுக்கு அப்போதும் நம்பிக்கை இல்லை. "தூங்குறவன் மேல போயித் தூக்க மந்திரமா? வேஸ்ட்டுக்கா" என்றார். ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

வியாழனும் வெள்ளியும் யூஜினா பெரியப்பாவை அடிக்கவே இல்லை. குட்டிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். முழிக்கப் போகும் குட்டியின் காது முதலில் துடிக்கிறது என்பதைக் கண்டுபிடித்தார். இரண்டாவதுக்குத் தூக்கம் குறைவு. ஐந்தாவது முழித்தால் இரு பக்கமும் எழுப்பிவிடும். இரண்டு நாளும் நாலு பேரும் செத்தார்கள். யூஜினா கவலைப்படவில்லை.

சனிக்கிழமை சுலக்ஷனா மலைக்குத் திரும்பும்போது சொல்லிவிட்டுப் போனாள்: "யூஜினாக்கா, இவளுக்கு மேல் பல்லு வருது. சிணுங்கிக்கிட்டே இருப்பா, கொஞ்சம் பாத்துக்குங்க." கவிஷ்காவின் தொட்டில் வரிசையின் கடைசியில், கதவருகில் இருக்கிறது. சிக்னல் இருப்பது ஜன்னலில்.

இரண்டு பத்துக்குச் சண்டை தொடங்கியது. வெள்ளை உடுப்புக்காரி யாருடைய காயத்தையும் ஆற்றவில்லை. காது துடிக்கும் குட்டியைத் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்தாள். மற்ற மூவரும் சத்தம் கூடாத சின்ன அடிகளாகப் பெரியப்பாவை அடித்தார்கள். ஒரு குட்டியும் எழும்பவில்லை. பெரியப்பா தன் ஒற்றை அடியை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார். கால் கயிற்றை இழுப்பதும் விடுவதுமாக இருந்தது.

இருபதாவது நிமிடத்தில் வாள்காரன் விழுந்தான். யூஜினாவின் விரல் எழுப்பும் மந்திரத்துக்கு மேலே போய் நின்றது. அதே நேரம் ஐந்தாவது குட்டியின் காது துடித்தது. "செத்த நேரம் படுத்திரு ராசா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு விரலைக் குட்டிக்கு நகர்த்தினார். அவன் கடைசிவரை படுத்தேதான் கிடந்தான்.

பெரியப்பாவின் உயிர்க்கோடு நூல் போல ஆகியிருந்தபோது கடைசித் தொட்டிலில் ஒரு பெருமூச்சு கேட்டது. சேலை மடிப்புக்கு வெளியே ஒரு சின்னக் கை வந்து விளிம்பைப் பிடித்தது.

ஒவ்வொரு முறைக்கும் விளையாட்டு ஒரு நிமிடம்தான் பொறுக்கும். அதற்குள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஆள் சும்மா நிற்பான், குட்டி முழிக்கும். போனைக் கையோடு கொண்டுபோனால் சிக்னல் அறுந்துவிடும். யூஜினா போனை ஜன்னல் விளிம்பில் வைத்தார். கயிற்றை விரலிலிருந்து உருவினார். பாயில் கிடந்த கால்களைத் தாண்டிக் கதவுப் பக்கம் போனார். அவசரப்பட்டதாகத் தெரியவில்லை. தொட்டிலுக்குள் கையை விட்டு முதுகில் தட்டினார். எப்போதும் தட்டும் வேகம்தான், ஒன்றுகூட முன்பின் இல்லை. சின்னக் கை விளிம்பை விட்டது. மறுபடி உள்ளே போனது. இன்னும் நாலு தட்டு தட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

போனில் ஒன்பது வினாடி மீதி இருந்தது. இரண்டாவது குட்டிக்குத் தூக்கம். பிறகு கிழவரின் சின்ன நெருப்பு ஒன்று. பிறகு வில்லுக்காரியின் ஓர் அம்பு.

பெரியப்பா உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தார். போனிலிருந்து, ஐந்து மாதத்தில் ஒருநாளும் கேட்டிராத கொட்டும் குழலும் உரத்து எழுந்தன. யூஜினா திரையைப் பார்க்கவில்லை. போனின் அடியில் சத்தம் வரும் சிறு துளைகளைக் கட்டைவிரலால் பொத்தி, நகம் வெளுக்க அழுத்திக்கொண்டு, கதவருகில் உள்ள தொட்டிலையே பார்த்திருந்தார். அந்த விரலுக்கு மேலே, சிவப்புக் கதவு மெல்லத் திறந்துகொண்டிருந்தது.