பென்னலூர் சைக்கிளும் நாங்கள் செய்த உதவியும்

கிரைம் டீம் வேலை என்பது முக்கால் பாகம் டீ குடிப்பது, கால் பாகம் ஜீப் தள்ளுவது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஸ்டேஷனில் ஏட்டாக இருந்து இரண்டையும் செய்தவன் நான். பொருளைப் பறிகொடுத்துவிட்டு ஸ்டேஷன் பெஞ்சில் காத்திருந்தவர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்திருந்தவன் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள். தொண்ணூற்றொன்றில் எங்கள் பக்கம் நடந்த பெரிய விஷயத்தை எழுதப் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது ஒரு சைக்கிளைப் பற்றி.

அடையாளம் சொல்லு

ஏழுமலை வந்து நின்றான். பென்னலூர்க்காரன், கம்பெனியில் டெம்பரவரி. வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை சைக்கிள். அதை டீக்கடைப் பின்புறம் பூட்டிவிட்டுக் கம்பெனி பஸ். ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் சைக்கிள் இல்லை. காலையில் வீட்டு மாட்டைக் கறந்துவிட்டு நடந்தே போனால் பஸ் போய்விடும். பஸ் போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள். பர்மனென்ட் ஆகாது. ஆகாவிட்டால் வாலாஜாபாத்தில் பேசி வைத்த பெண்ணும் கிடைக்காது. ஒரு சைக்கிளில் இவ்வளவு தொங்குகிறது.

அடையாளம் கேட்டேன். கறுப்பு என்றான். "எல்லா சைக்கிளும் கறுப்புதான்யா, வேற சொல்லு" என்றேன். ரொம்ப நேரம் யோசித்தான்.

"ஏறி குந்துனா தெரிஞ்சுடும் சார். என்னுதுன்னா இடுப்பு வலிக்கும்."

மஃப்டி

எனக்கும் கான்ஸ்டபிள் தாமோதரனுக்கும் அந்த டீக்கடையில் டூட்டி, மஃப்டியில். தாமோதரன் லுங்கி கட்டினான். தலையில் துண்டு. புகைக்காத ஆள், காதில் பீடி வேறு. எல்லாம் சரி, காலில் போலீஸ் பூட்ஸைக் கழற்ற மறந்துவிட்டான். மறக்காவிட்டாலும் அந்த மீசை போதும். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் மரியாதையாக வணக்கம் வைத்தார்கள். நானும் ஒன்றும் தெரியாதவன் போல டீ சொன்னேன்.

கடைக்காரர் கிளாஸை அலசிக்கொண்டே கேட்டார்: "ஏட்டையா, மஃப்டில வந்தா சக்கரை கம்மியா, இல்ல எப்பவும் போலயா?"

உதவி

எஸ்.ஐ. புதுசு. ஏதோ வகுப்புக்குப் போய்வந்திருந்தார். பறிகொடுத்தவனுக்கு நாம்தான் துணையாக இருக்க வேண்டும் என்றார். காலை ரோந்து ஜீப் பென்னலூர் வழியாகத்தானே போகிறது, அவனைப் பஸ் ஏற்றிவிடுங்கள் என்றார்.

ஏற்றினோம். தினமும் விடிந்ததும் அவன் வாசலில் ஜீப். பின்னால் நடுவில் அவன், இரண்டு பக்கமும் நாங்கள். கதவு சரியில்லை. விழுந்து தொலையப் போகிறானே என்று தாமோதரன் அவன் கையை இறுகப் பிடித்துக்கொள்வான். ஊர் பார்த்தது. எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் தண்ணீர்க் குடத்தை இறக்கிவிட்டு என்னையே கேட்டாள்.

"தெனிக்கும் இட்டுகினு போறீங்களே சார், ஜாமீன் குடுக்கக் கூடாதா? நல்ல புள்ளையாத்தான் இருந்தான்."

போனது எது

பேச்சு வாலாஜாபாத் போய்ச் சேர்ந்தது. பெண்ணின் அப்பா ஆள் அனுப்பி, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஏழுமலை ஸ்டேஷனுக்கு வந்தான். எஸ்.ஐ. நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். அவன் டீயைத் தொடவில்லை. "வேணாம்னா சொல்லு, நாளையிலிருந்து ஜீப் வராது" என்றேன். "வரட்டும் சார். வேலையாவது நிக்கட்டும்" என்றான். வாசல் வரை போய்த் திரும்பினான்.

"சைக்கிள் திருடு போனப்ப எனக்கு சைக்கிள் மட்டுந்தான் சார் போயிருந்துச்சு."

அன்றைக்கு நாங்களும் டீ குடிக்கவில்லை.

எங்களை நம்பிய ஒரே ஆள்

டீக்கடையில் கம்பெனி ஆள் மாதிரிக் காக்கிச் சட்டை போட்ட ஒருவன் தினமும் தொழிலாளிகளோடு நிற்பான். பஸ் வரும், எல்லோரும் ஏறுவார்கள், இவன் ஏறமாட்டான். தாமோதரன் இதைக் கவனித்துவிட்டான். மீசை இருந்தாலும் மூளையும் உண்டு. சைக்கிள்கள் நடுவே போய் ஒவ்வொரு பூட்டாகத் தடவிப் பார்ப்பதுபோல் நின்றான்.

காக்கிச் சட்டை மெல்லப் பின்னால் வந்தான். ஊரே கண்டுபிடித்த தாமோதரனை அவன் ஒருவன்தான் கண்டுபிடிக்கவில்லை. தோளில் கை போட்டான்.

"அண்ணாத்த, இது நம்ம ஏரியா. நீ ஒரகடம் பக்கம் போய்க்கோ."

வரிசை

பிடிபட்ட காக்கிச் சட்டை காட்டிய கொட்டகையில் இருந்து வந்த சைக்கிள்களை ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினோம். எல்லாம் கறுப்பு. ஏழுமலை ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்தான். இறங்கினான். மறுபடி ஏறினான். எஸ்.ஐ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கும் பொறுமை போய்விட்டது. லாக்கப்பில் இருந்தவனுக்கு எங்களுக்கு முன்பே போய்விட்டது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "கடைசி வண்டிதான்யா உன்னுது! அம்பது அடி மிதிக்கறதுக்குள்ள ரெண்டு வாட்டி செயின் கழண்டுச்சு. எண்ணெயே போடமாட்டியா நீ?"

சிபாரிசு

சைக்கிள் கிடைத்தது. பெண்? நானும் தாமோதரனும் வாலாஜாபாத் போனோம். ஜீப் வேண்டாம் என்று பஸ்ஸில் போனோம். ஏழுமலை திருடன் இல்லை, திருட்டுக் கொடுத்தவன் என்று பெண்ணின் அப்பாவிடம் சொன்னோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "போலீஸ்காரங்க ரெண்டு பேரு இம்மாந்தூரம் வந்து நல்லவன்னு சொல்லணும்னா, அவன் இன்னா பண்ணியிருப்பான்?" என்றார். தாமோதரன் கூரையைப் பார்த்தான்.

உள்ளேயிருந்து பெண் வந்தாள். நேராக என்னைக் கேட்டாள். "ஊர்ல அப்படிப் பேசுன பெறகும் உங்க ஜீப்புல ஏறுனாரா?"

"தினமும் ஏறினான்மா."

"டூட்டிக்கு ஒருநாளாவது மட்டம் போட்டாரா?"

"இல்லை."

அப்பா பக்கம் திரும்பினாள். "வெக்கப்பட்டுகினு வூட்லயே குந்தியிருந்தா வேலை போயிருக்கும்பா. தலய நிமித்திகினு போயிருக்காரு. எனக்கு இவரே போதும். கல்யாணத்துக்கு மட்டும் இவங்கள ஜீப்புல வர வேணாம்னு சொல்லு."

திருடனைப் பிடிக்கக் கிரைம் டீம் போதும். திருட்டுக் கொடுத்தவனை எங்கள் உதவியிலிருந்து காப்பாற்றத்தான் வாலாஜாபாத்தில் ஒரு பெண் வேண்டியிருந்தது.