கண்ணைப் பார்க்காமல் குடித்தவள்

எல்லினோருக்கு இருபத்து மூன்று வயது. ஃபூனன் தீவில் கூட்டுறவுப் பால் பண்ணை ஒன்றில் வெண்ணெய்ப் பெட்டிகளுக்கு மூடி அடிப்பாள். ஓரிடத்தில் கால் தரிக்காது. சினிமாக் கொட்டகையில் மட்டும் அசையாமல் உட்காருவாள். படமெல்லாம் ஒரே மாதிரி: முரட்டுப் பண்ணையார், அவர் மகளைக் காதலிக்கும் கூலிக்காரன், வாயாடிச் சமையல்காரி, கடைசியில் பாட்டோடு விருந்து. முடிவு தெரிந்தேதான் போவாள். தலைநகர் கோபன்ஹேகன் பத்திரிகைகள் அந்தப் படங்களைக் கேலி செய்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு கோடையில் அப்படியொரு படத்தின் விருந்துக் காட்சியை எடுக்க அவள் ஊருக்கே வந்தார்கள். ஊர்க்காரர் நாற்பது பேரை நீள மேசையில் உட்கார வைத்தார்கள். எல்லினோருக்கு எதிரே தச்சன் தோர்கில், அவளுக்கு நிச்சயமானவன். அவளுக்கோ ஒரே நினைப்பு: தன் முகம் திரையில் வர வேண்டும், அதைப் பார்த்துத் தலைநகரிலிருந்து யாராவது கூப்பிட வேண்டும்.

பண்ணையார் வேடக்காரர் கோப்பையை உயர்த்தி 'ஸ்கோல்' என்று வாழ்த்தியதும், எல்லாரும் கதாநாயகியைப் பார்த்தபடி குடிக்க வேண்டும் என்றார் இயக்குநர். அங்கேதான் இடித்தது. குடிப்பதற்கு முன்னும் பின்னும் எதிரே இருப்பவர் கண்ணைப் பார்க்காமல் அந்த ஊரில் யாரும் கோப்பையை இறக்கியதில்லை. நாலு தடவை எடுத்தார்கள். நாலு தடவையும் தலைகள் தாமாகத் திரும்பின. ஐந்தாவது தடவை ஒருத்தி மட்டும் திரும்பவில்லை: எல்லினோர்.

"அந்த நீலச் சட்டைப் பொண்ணுதான் சொன்னதக் கேக்குது," என்றார் இயக்குநர். "கேமராவ அது பக்கம் கொண்டு போங்க."

மார்கழிக் குளிரில், ஒரு ஞாயிறு மதியம், ஊரே படம் பார்க்கத் திரண்டது. சமையல்காரி பண்ணையாரைத் துரத்தியபோது பெஞ்சுகள் அதிரச் சிரித்தார்கள். பிறகு கதவளவு பெரிதாக எல்லினோரின் முகம் வந்தது.

"பாவம் தோர்கில்," என்றாள் பின்வரிசையில் ரொட்டிக் கடைக்காரி. "எதிர்ல ஆள் இருக்கறதே அவளுக்குத் தெரியலயே."

கொட்டகை மறுபடி அதிர்ந்தது. எல்லினோரும் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

திரும்பும் வழியில் தோர்கில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தான். எல்லினோர் கூடவே போனாள்.

"எதிர்ல பாக்காதேன்னு சொன்னாங்க, அதான்," என்றாள்.

"எங்க எல்லாருக்கும்தான் சொன்னாங்க."

அன்று கண்ணைத் திருப்பாமல் இருக்கத் தான் கொஞ்சமும் பாடுபடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையுறையைக் கழற்றினாள், நிச்சய மோதிரத்தையும் கழற்றினாள்.

"நான் கோபன்ஹேகன் போறேன், தோர்கில். யாரும் கூப்பிடல. இருந்தாலும் போறேன்."

அவன் மோதிரத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டான். எப்போது என்று கேட்டான்.

"நாளைக்குக் காலைப் படகுல."