இசக்கிமுத்துவின் வலது தோள்

பதினேழு வருஷமாக இசக்கிமுத்துவுக்கு ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பதினேழு வருஷத்தில் அவன் ஒரு பனியனைக்கூட செக் பண்ணியது கிடையாது. ஓட்டை விழுந்த பீஸைக் கையில் கொடுத்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்பான். அதற்காக யாரும் அவனை ஏசியதில்லை. கம்பெனி அவனுக்குச் சம்பளம் கொடுத்தது ஞாயிற்றுக்கிழமைகளுக்காக.

முதலிபாளையம் பக்கம் பத்துப் பன்னிரண்டு கம்பெனிகள் சேர்ந்து வருஷா வருஷம் கோடையில் டென்னிஸ் பால் கிரிக்கெட் போட்டி நடத்துகின்றன. வெளியாட்களை இறக்கக்கூடாது, ஆறு மாதமாவது கம்பெனி ரோலில் பெயர் இருக்க வேண்டும் என்பது விதி. விதி என்று ஒன்று வந்தால் வழி என்று ஒன்றும் வந்துவிடுமே. நூல் எந்த மூலையில் கிடக்கிறது என்று தெரியாத ஸ்டோர் கீப்பரும், கத்தரிக்கோலைத் தொடாத கட்டிங் ஹெல்பரும் அப்படி உருவானவர்கள்தான். ஒருவன் நன்றாக பேட் பிடிப்பான், இன்னொருவன் நன்றாக கேட்ச் பிடிப்பான். இசக்கிமுத்து பந்து போட்டான்.

போட்டான் என்றால் சாதாரணமாக இல்லை. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து இருபத்தோரு வயதில் திருப்பூருக்கு வந்தவன், ராயபுரத்தில் ஒரு காலி மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது போட்ட பந்து கீப்பரைத் தாண்டிப் போய், ரோட்டோரம் நின்ற காரின் பக்கக் கண்ணாடியை உடைத்தது. காரிலிருந்து இறங்கியவர் பொன்னுச்சாமி, கம்பெனி முதலாளி. திட்டத்தான் இறங்கினார். இறங்கியவர் மூன்று ஓவர் நின்று பார்த்தார். "கண்ணாடி கெடக்குது உடு கண்ணு, நாளைக்கு நம்ம கம்பெனிக்கு வந்துரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஆறு கோப்பைகள். ஞாயிற்றுக்கிழமை இசக்கிமுத்துவை எதிர்கொள்ள வேண்டிய பேட்ஸ்மேன்கள் சனிக்கிழமை சாயங்காலமே வயிற்றுவலி என்று ஊருக்கு பஸ் ஏறிய கதையெல்லாம் உண்டு. டீக்கடையில் அவனுக்கென்று பெஞ்சில் இடம் விடுவார்கள். சிங்கர் மெஷின் டைலர்களும் அயர்ன்காரர்களும் அவன் கையை எடுத்து, ஏதோ மிஷினைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அவனுக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது. யாருக்குத்தான் கனக்காது?

முப்பத்திரண்டாவது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வலது தோளுக்குள் ஏதோ பிரிந்தது. சத்தம் அவனுக்கு மட்டும்தான் கேட்டது. ஓவரை முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

இங்கேதான் அவன் அந்தத் தப்பைச் செய்தான். சட்டைப்பையில் ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தது. போய்க் காட்டினால் பைசா செலவில்லாமல் வைத்தியம் நடக்கும். ஆனால் டாக்டர் லீவு எழுதிக்கொடுப்பார், அந்தச் சீட்டு கம்பெனி ஆபீஸுக்குப் போகும், ஆபீஸிலிருந்து முதலாளி காதுக்குப் போகும். பந்து போட மட்டுமே வைத்திருக்கிற ஆளுக்குத் தோள் போய்விட்டது என்று தெரிந்தால் ரோலில் பெயர் நிற்குமா? அவன் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. ஊரில் இருக்கிற லட்சம் பேர் அந்தக் கார்டுக்கு ஏங்குகிறார்கள். இவன் அதை மடித்து வைத்துக்கொண்டு மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கித் தின்றான். ஒரு வருஷம் இல்லை, ஆறு வருஷம்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவன் மனைவி சித்ரகலா. வேறொரு கம்பெனியில் கான்ட்ராக்டருக்குத் தைக்கிற பேட்ச் ஒன்றில் ஓவர்லாக் மெஷின் டைலர். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பனியன் வேஸ்ட்டைப் பொட்டலமாகக் கட்டி, தோசைக்கல்லில் சூடுகாட்டி, அவன் தோளில் ஒற்றி எடுப்பாள்.

"கார்டு எதுக்கு வச்சிருக்கீய? பூசை பண்ணவா?" என்பாள்.

"ஒனக்குத் தெரியாது, சும்மா கெட" என்பான்.

வலியை மறைக்கலாம், வேகத்தை எப்படி மறைப்பது? பந்து கீப்பர் கைக்குப் போகும்போதே களைத்துப் போக ஆரம்பித்தது. வயிற்றுவலிக்காரர்கள் எல்லாம் குணமாகித் திரும்பி வந்து, அவன் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தார்கள். பொன்னுச்சாமி மட்டும், "இருக்கட்டும் கண்ணு, நானிருக்கற வரைக்கும் நீ இருப்ப" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன வருஷம் அவருக்கு வாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கம்பெனி மகன் குணாவிடம் வந்தது.

குணா கெட்டவன் இல்லை. கணக்காக இருப்பவன். வந்த மூன்றாம் மாதமே அஸ்ஃபாக் என்ற இருபத்திரண்டு வயதுப் பையனை ரோலில் சேர்த்தான். திருப்பூர்ப் பையன், பந்து விசில் அடித்துக்கொண்டு போகும். பிறகு இசக்கிமுத்துவை ஆபீஸுக்குக் கூப்பிட்டான்.

"அண்ணா, நா நேராவே சொல்லிப்போடறேனுங்க. சரக்கு எடுக்கற பையரு ஆளுங்க வந்து ரோல்ல இருக்கற ஒவ்வொருத்தரும் என்ன வேலை செய்யறாங்கன்னு கேக்கறாங்க. சும்மா பேரு வெச்சிருக்க முடியாதுங்க. இந்த வருசம் கப்பு வந்துச்சுன்னா மூணு வருசத்துக்குப் புதுசா லெட்டர் தர்றேன், வேலையும் போட்டுத் தர்றேன். இல்லைன்னா சீசனோட முடிச்சுக்கலாமுங்க."

இசக்கிமுத்து தலையாட்டினான்.

"உங்களுக்கு வேற எதாவது வேலை தெரியுங்களாண்ணா?"

அந்தக் கேள்வியில் கேலி எதுவும் இல்லை. அதனால்தான் அது அப்படிக் குத்தியது. முப்பத்தெட்டு வயது, பதினேழு வருஷம் பனியன் கம்பெனி, சொல்வதற்கு ஒரு வேலை இல்லை. "கத்துக்கிடுவேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மெதுப் பந்து அவனுக்குக் கிடைத்தது அறிவால் இல்லை, வலியால். சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்குப் பின்னால் அஸ்ஃபாக் பேட் பிடிக்க, இவன் பந்து போட்டான். ஓடி வந்து கையைச் சுழற்றும்போது தோள் பாதியில் பிடித்துக்கொள்ள, பந்து விரல்களின் பின்பக்கமாக நழுவிப் போனது. அஸ்ஃபாக் பேட்டை வீசி முடித்து, உடம்பு ஒரு சுற்றுச் சுற்றி நின்ற பிறகுதான் பந்து வந்து ஸ்டம்பைத் தொட்டது.

"என்னண்ணே இது!" என்று அஸ்ஃபாக் விழுந்து விழுந்து சிரித்தான். இசக்கிமுத்து சிரிக்கவில்லை. போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு வந்தான். மறுபடி போட்டான்.

நான்கு மாதம் அதே வேலை. அதே ஓட்டம், அதே முகம், அதே கைவீச்சு, ஆனால் பந்து மட்டும் தாமதமாக வரும். தோளும் அதைத் தாங்கிக்கொண்டது. போட்டி தொடங்கியதும் விக்கெட்டுகள் விழுந்தன. அஸ்ஃபாக்கின் வேகத்துக்குத் தயாராகி நின்றவர்கள் இவனிடம் வந்து ஏமாந்தார்கள். கூட்டம் கைதட்டியது, சிரித்துக்கொண்டே கைதட்டியது. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள்: தாத்தா பந்து.

"தாத்தா, ஒண்ணு போடுங்க தாத்தா!" என்று வேலி ஓரத்திலிருந்து கத்துவார்கள். ஒருகாலத்தில் கண்ணாடி உடைத்தவனைப் பார்த்து! அவன் காதில் விழாததுபோல நடப்பான். வீட்டுக்குப் போய், தோளில் ஒத்தடம் வாங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வான், "ஒரு நாளைக்குக் காட்டுதேன்."

"காட்டவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். லெட்டரை வாங்குங்க" என்பாள் சித்ரகலா.

இறுதிப் போட்டியில் கடைசி ஓவர் அவனுக்கு. கடைசிப் பந்துக்கு எதிரணிக்கு வேண்டியது நான்கு ரன். பேட்ஸ்மேன் விவரமானவன், முந்தைய இரண்டு மெதுப் பந்துகளையும் காத்திருந்து, காத்திருந்து அடித்திருந்தான். இப்போதும் பின்காலில் சாய்ந்து, சாவகாசமாக நின்றான். வேலி ஓரம் முழுக்க, "தாத்தா! தாத்தா!"

அஸ்ஃபாக் ஓடி வந்தான். "அண்ணே, ஸ்லோவாவே போடுங்க. வெளிய தள்ளிப் போட்டாக்கூட ஒரு ரன்னுதான் போகும்."

"போய் நில்லுலே" என்றான் இசக்கிமுத்து.

அது தேவையா, ரோஷமா என்று அவனைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஓடி வந்தான். ஆறு வருஷமாகப் பாதியில் நின்ற கை அன்றைக்கு முழுச் சுற்றும் சுற்றியது. பேட்ஸ்மேன் பேட்டை இறக்கவே இல்லை. நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு பறந்தது. கூட்டம் உள்ளே புகுந்து அவனைத் தூக்கியது. தூக்கியவர்கள் எல்லாரும் வலது கையைப் பிடித்துத்தான் ஆட்டினார்கள். அவன் கத்தினான். சந்தோஷத்தில் கத்துகிறான் என்று நினைத்தார்கள்.

அன்றைக்குச் சோற்றைப் பிசைய வலது கை வரவில்லை. சித்ரகலா தட்டில் ஸ்பூனை வைத்தாள்.

குணா சொன்ன சொல் தவறவில்லை. மறு வாரமே லெட்டர் தயார். மூன்று வருஷம், அயர்னிங் செக்ஷன். "வாக்குன்னா வாக்குங்கண்ணா. புது லெட்டருங்கறதால மெடிக்கல் ஃபார்ம் ஒண்ணு மட்டும் டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிக் குடுத்துருங்க. சும்மா ஃபார்மாலிட்டிதானுங்க."

டாக்டரிடம் சித்ரகலாவும் போனாள். அவள் இல்லாமல் அவனால் சட்டையைக் கழற்ற முடியாது. அறைக்கு வெளியே தடுப்புக்குப் பின்னால் வைத்துக் கழற்றிவிட்டாள். டாக்டர் மேஜையில் இதேபோல நாற்பது ஃபார்ம் கிடந்தது. பல்ஸ் பார்த்தார், பிரஷர் பார்த்தார்.

"ரெண்டு கையையும் மேல தூக்குங்க."

இடது கை மேலே போனது. வலது கை நெஞ்சு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. இசக்கிமுத்து சிரித்தான். "போன வாரம் மேட்ச் சார். லேசாப் புடிச்சிருக்கு. சரியாயிரும்."

"தூக்க முடியும்ல?"

"முடியும் சார்."

டாக்டர் ஃபார்மை இழுத்து, பேனா மூடியைத் திறந்தார். அடுத்த ஆள் வாசலில் நின்றான்.

"முடியாது சார்" என்றாள் சித்ரகலா.

இசக்கிமுத்து திரும்பி அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"ஆறு வருசமா முடியாது சார். இப்பச் சுத்தமா முடியாது. சட்டையே நாந்தான் கழட்டிவிட்டேன். கம்பெனிக்குத் தெரியக்கூடாதுன்னு யாருகிட்டயும் காட்டல."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்து தோளை அழுத்திப் பார்த்தார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் இசக்கிமுத்துவின் முகம் கோணியது. "சதை கிழிஞ்சு ரொம்ப நாளாச்சு. அப்பவே வந்திருந்தா சரி பண்ணியிருக்கலாம். இப்ப ஸ்கேன் எடுத்துத்தான் பாக்கணும். பெருசா நம்பிக்கை குடுக்க முடியாது" என்றார். ஃபார்மில் நாலு வரி எழுதினார். அந்தத் தோளைப் பற்றி ஒருவர் எழுதியது அதுதான் முதல் தடவை.

குணாவுக்கு உண்மையாகவே வருத்தம். "நா என்னுங்கண்ணா பண்றது? டாக்டரு எழுதிட்டாருங்களே. இதை வெச்சுக்கிட்டு அயர்னிங்ல போட்டா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க. அடுத்த வருசம் மேட்ச்சுக்கு வந்து டெண்ட்ல உக்காருங்க, டீசர்ட் எடுத்து வெக்கறேன்." லெட்டர் அவன் மேஜையிலேயே இருந்தது. அதைத் தன் பக்கம் நகர்த்தி மடித்து வைத்தான்.

கம்பெனியிலிருந்து டவுன் பஸ்ஸில் இருவரும் ராயபுரம் வந்தார்கள். இறங்கும்போது இசக்கிமுத்து கேட்டான். "ஏன்ட்டி சொன்ன? அவரு கையெழுத்துப் போடப் போனாரு."

"போட்டிருப்பாரு. மறுநாள்லேர்ந்து நாளு பூரா இஸ்திரிப் பெட்டிய இழுத்திருப்பீய. மூணு வருசம் முடியும்போது சோத்த அள்ளித் திங்க அந்தக் கை இருக்காது. ஊட்டிவிட நான் இருப்பேன். நீங்கதான் தாங்கமாட்டீய."

அவன் நடுரோட்டில் நின்று அழுதான். கம்பெனி வேன்களும் வண்டிகளும் ஒதுங்கிப் போயின. அவனைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் போனார்கள், அவர்கள் பார்க்காததுபோலப் போனார்கள். சித்ரகலா அவன் இடது கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை அவள் பேட்ச்சில் கைமடிக்கு ஆள் வேண்டியிருந்தது. டைலர் தைத்துத் தள்ளுகிற பீஸை வாங்கி, நூலை வெட்டி, அடுக்கி வைக்கிற வேலை. நேற்று ஊரிலிருந்து வந்து இறங்கியவர்களுக்குக் கொடுக்கிற வேலை. இசக்கிமுத்து போய் அவள் மெஷினுக்குப் பின்னால் நின்றான். பேட்ச்சில் மூத்தவளான ரங்காத்தாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏஞ்சித்ரா, உங்கூட்டுக்காரருங்களா? கப்பு வாங்குனவரு?"

"ஆமாக்கா. கைமடிக்கு வந்திருக்காரு" என்றாள் சித்ரகலா. சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள்.

அந்த பேட்ச்சில் அவள்தான் வேகம். அவள் தைத்தால் பீஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நூலில் கோத்துக்கொண்டு பின்னால் கொட்டும். இசக்கிமுத்து இடது கையில் ட்ரிம்மரைப் பிடித்து வெட்டினான். முதல் வெட்டில் நூலோடு துணியும் வந்தது. ஒன்றை வெட்டுவதற்குள் நான்கு வந்து விழுந்தன. தரையில் பீஸ்கள் குவிந்தன. பீஸ் ரேட் பேட்ச்சில் ஒருவர் பின்தங்கினால் எல்லார் கூலியிலும் விழும். பக்கத்து மெஷின்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் மெஷின் சத்தம் மாறியது. பீஸ்கள் விட்டு விட்டு வந்தன. அவன் இரண்டை வெட்டுவதற்குள் இரண்டுதான் வந்தன. என்ன நடக்கிறது என்று அவனுக்குப் புரிய ஒரு கட்டு முடிய வேண்டியிருந்தது. பதினைந்து வருஷமாக யாருக்காகவும் மெதுவாகத் தைக்காதவள்.

அவன் குனிந்து அவள் காதருகே சொன்னான். "எனக்காகக் கொறைக்காத. நீ எப்பவும்போல மிதி. நான் எட்டிப் புடிச்சிருவேன்."

சித்ரகலா திரும்பவில்லை. அடுத்த பீஸை ஊசிக்குக் கீழே வைத்தாள். வேகத்தைக் கூட்டவில்லை.