எங்கள் கடையின் பாண்டிய மீன்

எங்கள் குடும்பம் பாண்டிய ராஜ வம்சம் என்று பத்து வயதுவரை நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தேன். சும்மா இல்லை, ஆதாரம் இருந்தது. யாங்கோன் நகரத்துக் கடைவீதியான பபேடானில் எங்கள் இரும்புச் சாமான் கடையின் மூலையில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. அதன் கதவில் கையகலப் பித்தளைக் கேடயம். கேடயத்தில் இரண்டு மீன்கள், நடுவே தலை வளைந்த ஒரு கோல். பாண்டியர் இலச்சினையில் இருப்பதும் இரட்டை மீனும் செண்டு என்கிற வளைகோலும்தானே! முப்பாட்டனார் மதுரைப் பக்கத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தது என்பார் பெரியப்பா. ஆயுத பூஜையன்று தராசு, கத்தி எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மீன்களுக்குத்தான் சந்தனம், குங்குமம்.

அந்த வருஷம் பூஜைக்கு முந்தின நாள் ஒரு ஜெர்மன் கிழவர் பூட்டு வாங்க வந்தார். பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து கேடயத்தைத் தடவினார். கண் கலங்கியிருந்தது. கடையில் இங்கிலீஷ் படிப்பவள் நான் ஒருத்திதான்.

"பாப்பா, தொரை என்ன சொல்றாருன்னு கேட்டுச் சொல்லு" என்றார் பெரியப்பா.

கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம். அது அவர் பிறந்த ஊரின் சின்னமாம். முதலில் ஒரே ஒரு ஆற்று மீன்தான் இருந்ததாம். எதிர்க்கரை ஊரும் வந்து சேர்ந்துகொண்டபோது இரண்டாவது மீன் வந்ததாம். அப்புறம் ஒரு பிஷப் ஊரைப் பிடித்துக்கொண்டு, மீன்களுக்கு நடுவே தன் கோலை நட்டுவிட்டாராம். கொடுமை தாங்காமல் ஜனங்கள் அவரைத் துரத்தினார்கள். கோலையும் சின்னத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னபோது மீனவர்கள் விடவில்லை. இனிமேல் இது பிஷப்பின் கோல் இல்லை, எங்கள் படகுக் கொக்கி என்று சொல்லிவிட்டார்களாம். அந்த ஊர்ப் பட்டறைகளில் செய்த ஒவ்வொரு பெட்டியிலும் அந்தச் சின்னத்தைப் பதித்துத்தான் அனுப்புவார்களாம்.

மறுநாள் எங்கள் ராஜ மீனைப் பார்க்க என் வகுப்பே வரப்போகிறது, பாடம் நடத்தும் சயாமா உட்பட. என் மானம் போவது இருக்கட்டும், பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் பெரியப்பாவிடம் இதை எந்த வாயால் சொல்வது?

"என்னம்மா சொல்றாரு?"

கூசாமல் சொன்னேன். "பாண்டிய ராஜா மீனேதானாம் பெரியப்பா. இந்த மாதிரி ஒண்ணு அவங்க ஊர்லகூட இல்லையாம். நாமெல்லாம் குடுத்து வெச்சவங்களாம்."

பெரியப்பா என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு மீசையை நீவிக்கொண்டார்.

"அப்படிப் போடு!" என்றார்.

கிழவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். பூட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். கிளம்பும்போது வாசல்வரை கூடவே போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"பிஷப்... நோ கம் பேக்?"

"நெவர்! நெவர்!" என்று கிழவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பெரியப்பாவும் சிரித்தார். இரண்டு பேரும் கையை விடவே இல்லை.

மறுநாள் கடை நிறையக் கூட்டம். எப்போதும் தானே சந்தனம் வைக்கிற பெரியப்பா, அன்று கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். "எங்க வீட்டு மீனு. கதையை எங்க பாப்பா சொல்லுவா" என்று எல்லாரிடமும் அறிவித்தார். நானும் விட்டேனா? பாண்டியன் கப்பலேறியதிலிருந்து ஆரம்பித்து வெளுத்து வாங்கினேன். சயாமா வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். பெரியப்பாவின் முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமையை நான் வேறு எந்த நாளும் பார்த்ததில்லை. ராஜ வம்சத்துப் பெருமை என்று நினைத்துக்கொண்டு நானும் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

இளவயதில் பத்து வருஷம் வெள்ளைக்காரக் கப்பலில் வேலை பார்த்த மனுஷர் பெரியப்பா. நான் சொன்ன மொழிபெயர்ப்பில் பிஷப்பே இல்லை என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.