ஒரு புள்ளி குறைந்தது

2008ஆம் ஆண்டு. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், கொம்பியூட்டர் திருத்தும் கடையில் வேலை செய்தேன். வீடு கொட்டாஞ்சேனை. படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. முதலில் ரேடியோ, டிவி திருத்தப் பழகினேன். பிறகு பார்த்துப் பார்த்தே கொம்பியூட்டரும் பழகினேன். ஆங்கிலம் வாசிக்க வராது. திரையில் ஒரு கேள்வி வந்தால் எந்த இடத்தில் அமத்த வேண்டும் என்று தெரியும். அது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை பாமன்கடையிலிருந்து ஓர் அக்கா ஓட்டோவில் வந்தார். மடியில் சிபியூ பெட்டி. வழியில் சோதனைச் சாவடியில் இறக்கி, மூடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். கழற்றிய திருகாணிகளைக் கைலேஞ்சியில் முடிந்து கொண்டுவந்திருந்தார்.

"கரண்ட் போய் வந்ததோட நிண்டிட்டுது தம்பி. உள்ளுக்க இருக்கிறதுக்கு மட்டும் ஒண்டும் ஆகக் கூடாது."

எல்லோரும் சொல்வதுதான். தலையாட்டினேன்.

பெட்டியைத் திறக்கும்போது அவராகவே சொன்னார். கணவர் வேலைக்குப் போய் இரண்டு மாதம். திரும்பி வரவில்லை. காணாமல் போனவர்களைப் பதிகிற அலுவலகத்தில், இப்போதைய முகம் தெளிவாகத் தெரிகிற படம் கேட்கிறார்கள். வீட்டில் அவருடைய படம் ஒன்றுதான். இருபத்திரண்டு வயதில் எடுத்தது. கலியாண அல்பம் இடம்பெயர்ந்தபோது போய்விட்டது. பிறகு எடுத்ததெல்லாம் டிஜிட்டல் கமராவில். ஒன்றையும் கழுவவில்லை. எல்லாம் இந்தப் பெட்டிக்குள்.

"அவர் படங்களைப் பூட்டி வச்சிருக்கிறார். பாஸ்வேர்ட் அடிச்சாத் திறக்கும்" என்றார்.

ஏன் பூட்டினார் என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் கேட்கத் தேவையில்லை. சமாதான காலத்தில் பாதை திறந்திருந்தபோது எல்லோரும் போராளிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குப் போய் உறவுக்காரரோடு நின்று படம் எடுத்தார்கள். சண்டை திரும்பத் தொடங்கியதும் அப்படி ஒரு படம் வீட்டில் இருந்தாலே விசாரணை. சிலர் எரித்தார்கள். சிலர் அழித்தார்கள். இவருடைய கணவருக்கு அழிக்க மனம் வரவில்லை. பூட்டினார்.

பவர் சப்ளை எரிந்திருந்தது. மாற்றினேன். ஒரு மணித்தியால வேலை. கடை மொனிட்டரையும் கடை கீபோர்டையும் கொழுவி ஓன் பண்ணினேன். பாஸ்வேர்ட் கேட்டது. நான் மற்றப் பக்கம் திரும்பி நின்றேன். அக்கா அடித்தார். ஏற்கவில்லை. திரும்ப அடித்தார். ஏற்கவில்லை.

மூன்றாம் முறை மெதுவாக, ஒவ்வொன்றாக அடித்தார்.

"தம்பி, நான் எட்டு அடிக்கிறன். ஏழு புள்ளிதான் விழுது."

பாஸ்வேர்ட் அடிக்கும்போது எழுத்து தெரியாது. ஓர் எழுத்துக்கு ஒரு புள்ளிதான் தெரியும். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"புள்ளிய எண்ணாதீங்க அக்கா. பாஸ்வேர்டை ஞாபகப்படுத்துங்க."

முதலாளி மேசையிலிருந்து சிரித்தார். என்னை டொக்டர் என்றுதான் பகிடியாகக் கூப்பிடுவார். "என்ன டொக்டர், நோயாளி கண் முழிச்சிட்டார், வீட்டுக்காரியை மட்டும் அடையாளம் தெரியேல்லையோ?"

அவருக்கு விஷயம் தெரியாது. அக்கா சிரிக்கவில்லை.

"நான் மறக்கேல்லைத் தம்பி. வீட்டுக்குக் கொண்டுபோய் எங்கட கீபோர்டில அடிச்சுப் பாக்கிறன்" என்றார்.

விட்டிருக்கலாம். விட்டிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். ஆனால் என் கையால் திருத்திய பெட்டி திறக்காமல் கடையை விட்டுப் போவது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. இன்னொன்றும் மனதில் இருந்தது. அதையே சொன்னேன்.

"வீட்டுக்கு செக்கிங் வந்து, இதைத் திறந்து காட்டுன்னு சொன்னா என்ன செய்வீங்க? பாஸ்வேர்ட் வேலை செய்யலன்னு சொன்னா நம்புவாங்களா?"

அவர் பயந்துவிட்டார். அவர் பயந்ததைப் பார்த்ததும் நான் சொன்னது சரி என்று எனக்கே பட்டது.

"படம் அழியாதே?"

"படம் வேற இடத்தில இருக்கு. ஒண்ணும் ஆகாது."

அவர் சொன்ன பூட்டு இந்தப் பாஸ்வேர்ட்தான் என்று நினைத்து, இப்படி வருகிற எல்லாப் பெட்டிக்கும் செய்வதைத்தான் செய்தேன். வேறு வழியால் சிஸ்டத்துக்குள் போய், பாஸ்வேர்ட் இல்லாத புதிய கணக்கு ஒன்றைத் திறந்தேன். கணவரின் பெயரில் இருந்த பழைய கணக்கை நீக்கினேன். நீக்கும்போது ஆங்கிலத்தில் நாலைந்து வரி வந்தது. வழக்கமான இடத்தில் அமத்தினேன். படங்களின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன. மற்றப் பெயர்கள் கறுப்பு, அவை மட்டும் பச்சை. அதையும் யோசிக்கவில்லை. நாலு பேர் வந்துபோகும் கடையில் அந்தப் படங்களைத் திறக்க வேண்டாம் என்று விட்டோம். அக்கா கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் கடை திறக்க முதலே வாசலில் நின்றார். மடியில் அதே பெட்டி. ஒரு படமும் திறக்கவில்லை.

பகல் முழுக்கப் பார்த்தேன். முடியவில்லை. பம்பலப்பிட்டியில் முறையாகப் படித்த ஒருவருக்குக் கோல் எடுத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பழைய கணக்கு இருக்கா?"

"இல்ல. நீக்கிட்டேன்."

"அப்ப சரி வராது. பெயர் பச்சையில தெரிஞ்சா அது பூட்டின படம். பூட்டின சாவி அந்தக் கணக்கோட இருந்தது. பூட்டை வச்சுக்கொண்டு சாவியை எறிஞ்சிட்டீங்க."

அக்காவிடம் சொன்னேன். அவர் அழவில்லை. ஸ்டூலில் இருந்தபடி தன் விரல்களையே பார்த்தார்.

"எங்கட கலியாண நாள்தான் தம்பி அந்தப் பாஸ்வேர்ட். ஏழாம் திகதி. அதைப் போய் எப்பிடி நான் பிழையா அடிச்சன்?" விரல்களை மடக்கிக்கொண்டு, "உங்களில பிழையில்லை. எனக்குத்தான் இப்ப ஒண்டும் ஞாபகத்தில நிக்கிறேல்லை" என்றார்.

நான் பெட்டியை மூடித் திருகாணிகளை முடுக்கிக் கொடுத்தேன்.

பத்து நாள் போயிருக்கும். அதே கீபோர்டில் ஒரு டெலிபோன் நம்பர் அடித்தேன். ஓர் இலக்கம் விழவில்லை. திரும்ப அமத்தினேன். விழவில்லை. மேல் வரிசையில் உள்ள ஏழு. கட்டையைக் கிளப்பிப் பார்த்தேன். அடியில் தேத்தண்ணி ஊற்றிக் காய்ந்திருந்தது.

"என்ன டொக்டர், கீபோர்டுக்கு நாடி பிடிக்கிறீரோ?" என்றார் முதலாளி.

"ஏழு செத்துப் போச்சு" என்றேன்.

அக்காவின் விலாசம் கடைப் புத்தகத்தில் இருந்தது. நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று நாள் கடத்தினேன். ஒரு மாலை காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவரே வந்தார். கையில் ஒரு கடதாசிக் கட்டு. கணவரின் படத்தைப் பெரிதாக்கி எடுத்த பிரதிகள்.

"கனடாவில அண்ணாட்ட ஒண்டு இருந்தது. அதில கூட்டத்துக்குள்ள தலை மட்டும்தான் தெரியுது. அதுதான் இதையே குடுக்கிறன்."

ஒன்றை நீட்டினார். மெல்லிய மீசை வைத்த ஒரு பெடியன். சுருட்டை முடி.

"இப்ப நாப்பத்தாறு வயசு. முன்பக்கம் முடி இல்லை. கண்ணாடியும் போடுறவர். இதைப் பாத்து ஆர் தம்பி அவரை அடையாளம் பிடிப்பினம்? நான் ஒழுங்கா அடிச்சிருந்தா..."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அக்கா, நீங்கள் சரியாகத்தான் அடித்தீர்கள், எங்கள் கீபோர்ட்தான் பழுது என்று. ஒரு நிமிடப் பேச்சு. என் பஸ் வந்தது. "சரி அக்கா, வாறேன்" என்று ஏறிவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து, அந்தப் பழுதான கீபோர்டையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு பாமன்கடைக்குப் போனேன். ஏன் அதைக் கொண்டுபோனேன் என்று தெரியவில்லை. காட்டினால் நம்புவார் என்று நினைத்திருப்பேன். வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவர் எங்கே போனார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில் அப்படி விசாரித்தாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இப்போதும் இதே தொழில்தான். பாஸ்வேர்ட் ஏற்கவில்லை என்று யார் வந்தாலும் முதலில் வேறு கீபோர்டைக் கொழுவுவேன். அடிக்கும்போது பக்கத்தில் நின்று புள்ளிகளை எண்ணுவேன். வாசிக்கத் தெரியாத எதையும் அமத்துவதில்லை, தெரிந்தவரைக் கேட்பேன். மறந்துவிட்டீர்கள் என்று ஒருவரிடமும் சொல்வதில்லை.

அந்த அக்கா எங்கேயோ இருந்து இன்றும் தன்னையே நொந்துகொண்டிருப்பார். அவர் தன் கலியாண நாளை மறக்கவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.